பனிமலைக்குப் போகிறீர்களா? குளிரைவிட ஈரத்துக்குப் பயப்படுங்கள்

மூணாறு எஸ்டேட்டுகளில் ஜனவரி மாதம் உறைபனி விழும். விடிகாலையில் புல்வெளி வெளுத்துக் கிடக்கும். வெயில் ஏறினால் தேயிலைக் கொழுந்து கருகும், ஆனால் ஆட்களுக்குக் குளிர் விட்டுவிடும். அந்தப் பனியோடு பழகியவர்களும் சரி, கொழிஞ்சாம்பாறை, முதலமடை என்று பாலக்காட்டுக் கணவாயின் வெயிலில் வளர்ந்தவர்களும் சரி, மணாலிக்கோ குல்மார்க்குக்கோ கிளம்பும்போது ஒரே மாதிரிதான் மூட்டை கட்டுகிறார்கள்: தடியான ஜாக்கெட், இரண்டு ஸ்வெட்டர், குரங்குக் குல்லா. குளிருக்கு இது போதும் என்றே வைத்துக்கொள்வோம். ஈரத்துக்குப் போதாது. பனிச்சறுக்கு கற்பவர் பக்கத்திலாவது ஒரு பயிற்சியாளர் நிற்பார். பனியில் நடப்பது, ஸ்லெட்ஜ் என்ற சறுக்குப் பலகையில் உட்கார்ந்து போவது, உறைந்த ஏரியைப் பார்ப்பது இதற்கெல்லாம் யாரும் சொல்லித் தருவதில்லை. அடிபடுவது பெரும்பாலும் அங்கேதான்.

முதல் தவறு உள்ளே போடும் பருத்தி பனியன். மேட்டில் ஏறும்போது மைனஸ் 5 டிகிரியிலும் வியர்க்கும். பருத்தி அந்த வியர்வையைக் குடித்துக்கொண்டு உலராமல் உடம்போடு ஒட்டிக் கிடக்கும். ஏறுகிறவரை ஒன்றும் தெரியாது. போட்டோ எடுக்கப் பத்து நிமிடம் நின்றால் நடுக்கம் தொடங்கும். ஜீன்ஸ் இன்னும் மோசம், முழங்கால்வரை நனைந்தால் அன்று முழுவதும் காயாது. உடம்பை ஒட்டிப் பாலியஸ்டர் அல்லது கம்பளி உள்ளாடை, அதன்மேல் ஃப்ளீஸ், எல்லாவற்றுக்கும் மேலே காற்றும் நீரும் புகாத ஜாக்கெட் என மூன்று அடுக்கு போதும். நடக்கத் தொடங்குமுன் ஒரு அடுக்கைக் கழற்றிப் பையில் வையுங்கள். லேசாகக் குளிர்கிற நிலையில் புறப்படுவதே சரி. நின்றதும் எடுத்துப் போட்டுக்கொள்ளலாம்.

காலுக்கு வருவோம். வாடகைக்குக் கிடைக்கும் ரப்பர் பூட்ஸ் வெளி ஈரத்தைத் தடுக்கும், உள்ளே வியர்வையைத் தேக்கிவிடும். குளிருமே என்று மூன்று ஜோடி சாக்ஸ் மாட்டினால் பூட்ஸ் இறுகி ரத்த ஓட்டம் குறையும், விரல் முன்னைவிட வேகமாக மரத்துப்போகும். ஒரு மெல்லிய சாக்ஸ், அதன்மேல் ஒரு கம்பளி சாக்ஸ். விரல்களை உள்ளே அசைக்க இடம் இருக்க வேண்டும். மாற்று ஜோடி ஒன்று பிளாஸ்டிக் கவரில் இருக்கட்டும்.

உத்தராகண்டின் கேதார்காந்தா சிகரம் போன்ற நடைப்பயணத்தில் இறுகிய பனிக்கு ஷூவின்மேல் மைக்ரோஸ்பைக் என்ற முள் வைத்த சங்கிலியை மாட்டுவார்கள். மதியம் பனி இளகினால் அதன் அடியில் பனி உருண்டை சேர்ந்து பிடிமானம் போய்விடும். அவ்வப்போது கம்பால் தட்டிவிடுங்கள். முழங்கால்வரை புதையும் பொடிப்பனிக்கு ஸ்பைக் உதவாது, புதையாமல் தாங்கும் அகலமான ஸ்னோஷூ வேண்டும். இறங்கும்போது ஸ்பைக்கைக் கழற்றாமல் உட்கார்ந்து சறுக்குவது மிகவும் ஆபத்தான பழக்கம். முள் பனியில் மாட்டினால் உடம்பு மட்டும் கீழே போகும், கணுக்காலோ முழங்காலோ முறுக்கிக்கொள்ளும். ஸ்பைக்கைக் கழற்றிவிட்டு, கால் முன்னே நீட்டி, கீழே பாறையோ மரமோ இல்லாமல் சமதளத்தில் முடிகிற சரிவில் மட்டும் சறுக்குங்கள். ஸ்லெட்ஜுக்கும் அதே விதிதான். தலையை முன்னே நீட்டிப் படுத்துக்கொண்டு போகக் குழந்தைகளை விடவே கூடாது.

உயரத்தைப் பலர் கணக்கில் எடுப்பதே இல்லை. பாலக்காடு கடல்மட்டத்திலிருந்து நூறு மீட்டர் வாக்கில் இருக்கிறது, குல்மார்க் சுமார் 2,650 மீட்டர். அங்கிருந்து கொண்டோலா என்ற கேபிள் காரில் ஏறினால் சில நிமிடங்களில் 3,900 மீட்டரைத் தாண்டிவிடலாம். வந்த அன்றே ஏறாதீர்கள், ஒரு இரவாவது கழியட்டும். 3,000 மீட்டருக்கு மேல் தங்குவதானால், ஒரு நாளில் தூங்கும் உயரத்தை 500 மீட்டருக்கு மேல் கூட்டக் கூடாது. தலைவலியோடு குமட்டலோ தள்ளாட்டமோ வந்தால் மாத்திரை போட்டுக்கொண்டு மேலே போகாமல் கீழே இறங்குங்கள். உயரத்தால் வரும் இந்த நோயைத் தடுக்க டயமாக்ஸ் மாத்திரை எடுப்பதானால் ஊரிலேயே மருத்துவரைக் கேளுங்கள், சல்ஃபா வகை மருந்துகளுக்கு ஒவ்வாமை இருந்தால் கட்டாயம் சொல்லுங்கள். குளிருக்கு ஒரு பெக் என்பதும் தவறு. தோலின் ரத்தக்குழாய்கள் விரிவதால் சூடு ஏறுவதுபோல் இருக்கும், உண்மையில் உடம்புச் சூடு வெளியேறும்.

புதுப்பனி கொட்டி நின்ற மறுநாள்தான் எல்லோருக்கும் சரிவில் ஏற ஆசை வரும். பனிச்சரிவு அபாயம் அதிகமாக இருப்பதும் அந்த 24 முதல் 48 மணி நேரத்தில்தான், குறிப்பாக 30 முதல் 45 டிகிரி சாய்ந்த மலைப்பக்கங்களில். அந்தச் சரிவில் ஏறாமல் இருந்தால் மட்டும் போதாது, அதன் அடிவாரத்தில் நிற்பதும் ஆபத்து. ‘இன்று போக வேண்டாம்’ என்று உள்ளூர் வழிகாட்டி சொன்னால் அவரிடம் பேரம் பேசாதீர்கள். உறைந்த ஏரிமேல் நடக்கத் தெளிந்த, கெட்டியான ஐஸ் குறைந்தது 10 செ.மீ. வேண்டும். மேலே பனி மூடியிருந்தால் கனம் தெரியாது. ஓடை வந்து சேரும் இடத்தில் ஐஸ் எப்போதும் மெலிந்திருக்கும்.

மேகம் இருந்தாலும் கறுப்புக் கண்ணாடி போடுங்கள். புதுப்பனி புற ஊதாக் கதிரில் 80 சதவீதம்வரை திருப்பி அடிக்கும், சில மணி நேரத்தில் கண் மணல் விழுந்ததுபோல் எரியும். மோவாய்க்கு அடியிலும் மூக்குக்குக் கீழும் சன்ஸ்கிரீன் தடவுங்கள். தேங்காய் எண்ணெய் வெயிலுக்குக் காப்பு ஆகாது, தவிர 24 டிகிரிக்குக் கீழே அது பாட்டிலிலேயே கட்டியாகிவிடும்.

விரல் வெளுத்து உணர்ச்சி போனால் தேய்க்காதீர்கள், பனியால் தேய்ப்பது அதைவிடக் கேடு. நெருப்பில் காட்டினால் சுடுவது தெரியாமல் வெந்துவிடும். மீண்டும் உறையாத இடத்துக்கு வந்தபின், கை பொறுக்கும் 37 முதல் 39 டிகிரி வெந்நீரில் அரை மணி நேரம் வைத்து மருத்துவரிடம் போங்கள்.

கடைசியாக அறை. கரி அடுப்பை உள்ளே வைத்து ஜன்னலை அடைத்துத் தூங்குவது உயிரை எடுக்கும். கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது, தூங்குகிறவர் எழவே மாட்டார். அறைக்குள் கரி வேண்டவே வேண்டாம் என்று விடுதிக்காரரிடம் சொல்லி, கூடுதல் ரஜாயும் (பஞ்சு மெத்தைப் போர்வை) வெந்நீர்ப் பையும் கேட்டு வாங்குங்கள்.