வகுப்பு வாட்ஸ்அப் குரூப்: ஆசிரியர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

2020 மார்ச்சில் பள்ளிகள் மூடியபோது அவசரத்துக்குத் தொடங்கிய வகுப்பு குரூப்கள், பள்ளி திறந்த பிறகும் நிலைத்துவிட்டன. வீட்டுப்பாடம், தேர்வு அட்டவணை, லீவு அறிவிப்பு எல்லாம் இப்போது அதில்தான் வருகின்றன. நல்ல வசதிதான். ஆனால் சில தவறுகள் திரும்பத் திரும்ப நடக்கின்றன.

முதல் தவறு, அனுப்பிவிட்டாலே பாடம் நடத்தியாயிற்று என்று எண்ணுவது. நாற்பது பக்க பிடிஎஃப், இரண்டு யூடியூப் லிங்க், கீழே 'படித்து வரவும்'. நீல டிக் விழுந்தால் செய்தியைத் திறந்திருக்கிறார்கள், அவ்வளவுதான். பிள்ளைக்குப் புரிந்ததா என்பது அதில் தெரியாது. ஒரே ஒரு கணக்கை எடுத்து, எப்படிப் போடுவது என்று இரண்டு நிமிடம் பேசி வாய்ஸ் நோட்டாக அனுப்புங்கள். அதேபோன்ற இன்னொரு கணக்கை எப்படிப் போட்டாய் என்று பிள்ளையையும் பேசி அனுப்பச் சொல்லுங்கள். எந்த இடத்தில் தடுமாறுகிறான் என்று குரலிலேயே தெரிந்துவிடும். வாய்ஸ் நோட்டுக்கு டேட்டாவும் அதிகம் செலவாகாது.

அடுத்தது, போன் பிள்ளையின் கையில் இருப்பதாக நினைத்துக்கொள்வது. பல வீடுகளில் ஒரே ஸ்மார்ட்போன்தான். அது காலையில் அப்பாவோடு வேலைக்குப் போய்விடும். இரவு திரும்பினால் அக்காவுக்கும் தம்பிக்கும் அதுவேதான். காலை பத்து மணிக்கு அனுப்பி மதியத்துக்குள் பதில் கேட்பதும், அனுப்பாத பிள்ளைகளின் பெயரைக் குரூப்பில் போடுவதும் அநியாயம். வீட்டுப்பாடத்தை வகுப்பில் கரும்பலகையிலும் எழுதிவிடுங்கள். குரூப்பில் வருவது நினைவூட்டலாக மட்டும் இருக்கட்டும்.

எனக்கு மிகவும் கவலை தருவது தொலைபேசி எண் விஷயம். சாதாரண குரூப்பில் ஒருவரின் எண் மற்ற எல்லாருக்கும் தெரியும். பத்தாம் வகுப்பு மாணவியின் எண் அறுபது வீடுகளுக்குப் போவதை எந்தப் பெற்றோர் விரும்புவார்? பல குரூப்களை ஒன்றாக இணைக்க 2022-இல் வாட்ஸ்அப்பில் வந்த கம்யூனிட்டி வசதியின் அறிவிப்புக் குழுவில், உறுப்பினர்களின் எண் மற்ற உறுப்பினர்களுக்குத் தெரியாது, அட்மினுக்குத் தெரியும். அதைப் பயன்படுத்தலாம். வாட்ஸ்அப் விதிப்படி 13 வயதுக்குக் குறைந்தவர்கள் தாமாகக் கணக்கு வைத்திருக்கக் கூடாது. எனவே தொடக்கப் பள்ளி என்றால் பெற்றோர் எண் மட்டும் போதும். மதிப்பெண் பட்டியலை எல்லாரும் பார்க்கப் போடுவது, கேட்காமல் பிள்ளைகளின் படத்தை ஸ்டேட்டஸில் வைப்பது, இரவில் மாணவருக்குத் தனியாகச் செய்தி அனுப்புவது ஆகிய மூன்றையும் அறவே விட்டுவிட வேண்டும். 18 வயதுக்குட்பட்டவரின் தகவலைக் கையாளப் பெற்றோர் சம்மதம் வேண்டும் என்று 2023-ஆம் ஆண்டின் தரவுப் பாதுகாப்புச் சட்டமும் சொல்கிறது.

மற்றவை எளிதில் சரியாகக்கூடியவை. கரும்பலகையைப் படமெடுத்துச் சாதாரணமாக அனுப்பினால் எழுத்து மங்கிவிடும், டாக்குமென்ட்டாக அனுப்புங்கள். காலை வணக்கப் படங்களுக்கு நடுவே வீட்டுப்பாடம் காணாமல் போகிறது என்றால், அட்மின் மட்டும் எழுதும்படி மாற்றுங்கள். ஆனால் சந்தேகம் கேட்க வேறொரு குரூப் கட்டாயம் வேண்டும். இல்லாவிட்டால் கேள்வி கேட்கும் பழக்கமே போய்விடும்.

அப்புறம், மழைக்காலத்தில் 'நாளை பள்ளி விடுமுறை' என்று வரும் ஃபார்வர்டு. மாவட்ட ஆட்சியர் அறிவித்திருக்கிறாரா என்று பார்க்காமல் அதைக் குரூப்பில் போடாதீர்கள். ஆசிரியர் போட்டதை யாரும் சந்தேகப்பட மாட்டார்கள்.