புதின் கேஜிபி தலைவராக இருந்ததே இல்லை: அவருடைய பணி வரலாற்றை எழுதும்போது நேரும் பிழைகள்

'கேஜிபியின் முன்னாள் தலைவர் புதின்' என்ற தொடர் எந்தக் கட்டுரையில் வந்தாலும் யோசிக்காமல் அடித்துவிடலாம். சோவியத் யூனியனின் உளவு, பாதுகாப்பு அமைப்பான கேஜிபி 1991 டிசம்பரில் கலைக்கப்பட்டபோது புதினுக்கு வயது 39. அங்கே அவர் எட்டிய உயரம் லெப்டினன்ட் கர்னல் வரைதான். அதுவும் அந்த ஆண்டு ஆகஸ்ட் 20ஆம் தேதியே, சோவியத் தலைவர் கோர்பச்சேவுக்கு எதிரான கவிழ்ப்பு முயற்சியின் இரண்டாம் நாளில், ராஜினாமா கொடுத்துவிட்டார். கேஜிபி தலைவராக இருந்து நாட்டின் தலைவரானவர் யூரி அந்த்ரோப்போவ். 1967 முதல் 1982 வரை அதன் தலைவர், பிறகு கட்சிப் பொதுச்செயலாளர். அவருடைய கதை புதின் மேல் ஏறிக்கொண்டது.

புதின் தலைமை வகித்தது, கேஜிபியின் உள்நாட்டுப் பிரிவுக்கு வாரிசாக வந்த எஃப்.எஸ்.பி.க்கு. 1998 ஜூலை 25இல் பொறுப்பேற்றார், 1999 ஆகஸ்டில் விட்டார். ஓராண்டுக்குச் சற்றே கூடுதல், அவ்வளவுதான். ஜெனரல் பட்டம் இல்லாமலேயே அந்த நாற்காலியில் உட்கார்ந்தவர் என்பதால், 'ஜெனரல் புதின்' என்று எழுதுவதும் பிழை.

பெயர்களில் குழப்பம் வருவதற்குக் காரணம், தமிழில் எல்லாவற்றுக்கும் 'உளவுத்துறை' என்று ஒரே சொல்லைப் போடுவது. கேஜிபி உடைந்தபோது வெளிநாட்டு உளவு எஸ்.வி.ஆர். ஆயிற்று. உள்நாட்டுப் பிரிவு சில பெயர்கள் மாறி, 1993 டிசம்பரில் எஃப்.எஸ்.கே. என்றும், 1995 ஏப்ரலில் எஃப்.எஸ்.பி. என்றும் ஆனது. தலைவர்களின் மெய்க்காவல் எஃப்.எஸ்.ஓ.வின் வேலை. ஜி.ஆர்.யு. ராணுவத்தின் உளவுப் பிரிவு. அது கேஜிபிக்குள் இருந்ததே இல்லை. ஒருவர் எந்த ஆண்டில் பதவியில் இருந்தார் என்று பார்த்துவிட்டு அமைப்பின் பெயரை எழுதினால் பாதிப் பிழை போய்விடும்.

அடுத்தது கிழக்கு ஜெர்மனியின் டிரெஸ்டன் நகரம், கேஜிபி அதிகாரியாகப் புதின் பணிபுரிந்த இடம். 1985 முதல் 1990 வரை அவர் இருந்தது அங்கேதான், பெர்லினில் அல்ல. ஜேம்ஸ் பாண்ட் பாணி வேடமெல்லாம் தேவைப்படாத இடம் அது. கிழக்கு ஜெர்மனி நட்பு நாடு. அதன் உளவு அமைப்பான ஸ்டாசியும் கேஜிபியும் கூட்டாளிகள். 2018இல் டிரெஸ்டன் ஆவணக் காப்பகத்தில் புதின் பெயரில் ஒரு ஸ்டாசி அடையாள அட்டை கிடைத்ததும், 'புதின் ஸ்டாசி அதிகாரியா?' என்று தலைப்புகள் பறந்தன. ஸ்டாசி அலுவலகங்களுக்குள் போய்வர உதவும் அனுமதி அட்டை அது. சம்பளப் பட்டியலில் பெயர் இருந்ததற்குச் சான்று அல்ல.

1989 டிசம்பர் 5 இரவுச் சம்பவத்தையும் கவனமாகக் கையாள வேண்டும். ஸ்டாசி கட்டடத்தைக் கைப்பற்றிய கூட்டத்தில் ஒரு பகுதி, அருகே ஆங்கெலிக்கா தெருவில் இருந்த கேஜிபி பங்களாவின் வாசலுக்கு வந்தது. புதின் வெளியே வந்து பேசினார். சோவியத் ராணுவப் பிரிவிடம் உதவி கேட்டபோது, மாஸ்கோ உத்தரவு இல்லாமல் எதுவும் செய்ய முடியாது, மாஸ்கோவோ மௌனமாக இருக்கிறது என்று பதில் வந்ததாம். இந்தத் தொலைபேசி உரையாடல் நமக்குத் தெரிவது, 2000ஆம் ஆண்டுத் தேர்தல் நேரத்தில் வெளியான அவருடைய நேர்காணல்கள் வழியாக. வேட்பாளர் தன்னைப் பற்றித் தானே சொன்னது. ஆகவே 'என்று புதின் பின்னாளில் சொன்னார்' என்ற வால் கட்டாயம் வேண்டும். இளமைக்கால விவரங்கள் பலவற்றுக்கும் இதே விதிதான்.

பெரிய பிழை இனிமேல்தான். டிரெஸ்டனிலிருந்து நேரே கிரெம்ளினுக்குத் தாவிவிடுகிறார்கள். இடையில் எட்டு ஆண்டுக் கோப்பு வேலை இருக்கிறது. அவரை அரசியல்வாதி ஆக்கியது அதுதான். 1990இல் லெனின்கிராடு (இன்றைய செயின்ட் பீட்டர்ஸ்பர்க்) பல்கலைக்கழகத்தில் ரெக்டரின் உதவியாளர். பிறகு நகர மன்றத் தலைவர் அனத்தோலி சோப்சாக்கின் ஆலோசகர். சோப்சாக் மேயரானதும் 1991 ஜூனில் நகர நிர்வாகத்தின் வெளியுறவுக் குழுவுக்குத் தலைவர். மூலப்பொருள் ஏற்றுமதி உரிமம் கொடுத்து, பதிலுக்கு உணவுப்பொருள் வாங்கும் ஏற்பாடு அவர் கையில் இருந்தது. உணவு வந்து சேரவில்லை என்று 1992இல் மரீனா சால்யே தலைமையிலான நகர மன்றக் குழு குற்றம்சாட்டி, அவரைப் பதவிநீக்கப் பரிந்துரைத்தது. சோப்சாக் ஏற்கவில்லை. இதை 'நிரூபிக்கப்பட்ட ஊழல்' என்றும் எழுதக்கூடாது, விட்டுவிடவும் கூடாது. 'குழு பரிந்துரைத்தது, மேயர் நிராகரித்தார்' என்று எழுதினால் சரி.

1996இல் சோப்சாக் தேர்தலில் தோற்றார். புதின் மாஸ்கோ போய், பாவெல் போரோதின் தலைமையில் இயங்கிய கிரெம்ளின் சொத்து நிர்வாகத்தில் துணைத் தலைவரானார். 1997 மார்ச்சில் தலைமைக் கட்டுப்பாட்டு இயக்ககம். அரசுப் பணம் எங்கே போகிறது என்று தணிக்கை செய்யும் இடம். 1998 மே மாதம் மாகாணங்களைக் கவனிக்கும் முதல் துணைத் தலைவர் பதவி, அதிபர் அலுவலகத்திலேயே. யாருடைய கோப்பு எந்த அலமாரியில் என்று தெரிந்துகொண்ட பிறகுதான் எஃப்.எஸ்.பி. நாற்காலி வந்தது.

'யாரும் எதிர்பாராத உளவாளிப் பிரதமர்' என்பதும் அரை உண்மை. அவருக்கு முன்னால் இருந்த இருவரையும் பாருங்கள். யெவ்கேனி பிரிமாக்கோவ் எஸ்.வி.ஆர். தலைவராக இருந்தவர். 1999 மே மாதம் வந்த செர்கேய் ஸ்தெபாஷின் எஃப்.எஸ்.கே. தலைவராக இருந்தவர். ஆகஸ்ட் 9இல் புதின் வந்தபோது அவர் வரிசையில் மூன்றாமவர். அன்று அவர் பொறுப்புப் பிரதமர்தான். நாடாளுமன்றத்தின் கீழவையான டூமா ஒப்புதல் அளித்தது ஆகஸ்ட் 16இல்: தேவை 226, கிடைத்தது 233. ஏழு வாக்கு அதிகம். அசைக்க முடியாத தலைவர் என்ற பிம்பத்தை அந்த மாதத்துக்குள் கொண்டுபோய் வைக்காதீர்கள்.

ஆண்டுக் கணக்கிலும் இதே 'பொறுப்பு' சிக்கல். 1999 டிசம்பர் 31இல் அதிபர் யெல்த்சின் விலகியதும் புதின் பொறுப்பு அதிபர். 2000 மார்ச் 26 தேர்தலில் ஏறத்தாழ 53 சதவீதம் வாங்கி, மே 7இல்தான் பதவியேற்றார். 2008 முதல் 2012 வரை அதிபர் மெத்வதேவ், புதின் பிரதமர். ஆகவே 'தொடர்ந்து கால் நூற்றாண்டு அதிபர்' தவறு. 'அதிகாரத்தில்' என்றால் சரி. 2012 முதல் ஒரு பதவிக்காலம் நான்கு ஆண்டு அல்ல, ஆறு ஆண்டு. 2024இல் தொடங்கியது ஐந்தாவது.

கடைசியாகப் பெயர். விளாதிமிர் விளாதிமிரோவிச் புதின் என்பதில் விளாதிமிரோவிச் என்பது தந்தை பெயர், நம் இனிஷியல் மாதிரி. குடும்பப் பெயர் அல்ல. 'விளாதிமிரோவிச் கூறினார்' என்று செய்தியில் எழுதுவது, ஒருவருடைய இனிஷியலை மட்டும் எழுதிவிட்டுப் பெயரை விட்டுவிடுவது போல.