பழைய சின்க்ளேர் சி5 வாங்கி ஓட்டப் போறீங்களா, இத ஒருதடவ படிச்சிட்டுப் போங்க

சி5ங்கறது 1985ல பிரிட்டன்ல வந்த, பெடலும் இருக்குற மூணு சக்கர எலெக்ட்ரிக் வண்டி. அது வாசல்ல நிக்குறத பாத்துட்டா போதும், அம்பது வயசு தாண்டுன வெள்ளைக்காரங்க அத்தன பேரும் கேக்குறது ஒரே கேள்விதான், "வாஷிங் மெஷின் மோட்டார்தான இது?" 40 வருஷமா ஓடுற புரளிங்க அது. வண்டிய அசெம்பிள் பண்ணது வேல்ஸ்ல மெர்தர் டிட்ஃபில்ல இருந்த ஹூவர் பேக்டரி, வாஷிங் மெஷின் செஞ்ச அதே ஊரு, அங்க இருந்து கிளம்புன கத. மோட்டார் வந்தது இத்தாலில பாலிமோட்டார்னு ஒரு கம்பெனில இருந்து, லாரியோட கூலிங் ஃபேன சுத்த வைக்க டிசைன் பண்ணுன மோட்டார மாத்தி செஞ்சது. ஃபேன் மோட்டார்னா மட்டும் கௌரவமா என்னன்னு கேக்காதீங்க.

நான் ஒண்ணு வாங்கி இங்கிலாந்துல மில்டன் கீன்ஸ்ங்கற ஊர்ல ஓட்டிட்டு இருக்கேன். தெரிஞ்சவங்க நாலு பேரு "நானும் வாங்கலாமா"ன்னு கேட்டாங்க, ஒவ்வொருத்தருக்கும் தனித்தனியா போன்ல சொல்லி அலுத்துப்போய் எழுதுறேன்.

முதல்ல இது ஏன் இப்படி இருக்குன்னு தெரிஞ்சாதான் வாங்குனப்புறம் கோவம் வராது. பிரிட்டன்ல 1983ல ஒரு ரூல் வந்துச்சு, பெடல் இருக்கணும், மூணு சக்கரம்னா எடை 60 கிலோவுக்கு மேல போகக்கூடாது, மோட்டார் 250 வாட், வேகம் மணிக்கு 15 மைல், இதுக்குள்ள இருந்தா லைசென்ஸ் வேணாம் டாக்ஸ் வேணாம் இன்ஷூரன்ஸ் வேணாம் ஹெல்மெட்டும் வேணாம், 14 வயசு ஆனா போதும். கிளைவ் சின்க்ளேர், அதான் இசட்எக்ஸ் ஸ்பெக்ட்ரம் கம்ப்யூட்டர் கொண்டு வந்தவரு, இந்த ரூலுக்கு அளவெடுத்து தெச்ச சட்ட மாதிரி வண்டிய செஞ்சாரு. கியர் இல்ல, ரிவர்ஸ் இல்ல, கதவு இல்ல, கூரை இல்ல, ஏன்னா எத சேத்தாலும் எடையும் வெலையும் ஏறும். 1985 ஜனவரி 10ம் தேதி லண்டன் அலெக்சாண்ட்ரா பேலஸ்ல ரிலீஸ், கொட்டுற குளிர்ல கூரை இல்லாத வண்டிய காட்டுறதுக்கு எவன் நாள் குறிச்சானோ தெரியல. வெல 399 பவுண்டு, வீட்டுக்கு அனுப்ப 29 பவுண்டு தனி. ஆகஸ்ட்ல உற்பத்திய நிறுத்திட்டாங்க, அக்டோபர்ல கம்பெனியே திவால். சுமார் 14,000 வண்டி செஞ்சு அதுல 5,000 கிட்டத்தான் அதுவரைக்கும் வித்திருந்துச்சு. இன்னிக்கும் மார்க்கெட்ல நல்ல கண்டிஷன்ல கெடைக்குதுன்னா அதுக்கு இதுவும் ஒரு காரணம், நெறய வண்டி ஓடவே இல்ல.

சரி வாங்கப் போறீங்க. வண்டிய பாக்குறதுக்கு முன்னாடி உங்க ஏரியாவ பாருங்க. மேடு பள்ளமான ஊர்ல இருந்தா இங்கயே நிறுத்திக்கலாம், உண்மையாத்தான் சொல்றேன், ஷெஃபீல்ட் மாதிரி ஊருக்கு இது ஆகாது. எனக்கு வாய்ச்சது மில்டன் கீன்ஸ், ரெட்வேன்னு செவப்பு கலர்ல சைக்கிள் பாதை ஊரு முழுக்க ஓடுது, கார் லாரி தொந்தரவு இல்ல, பெரிய ஏத்தமும் கம்மி. சட்டப்படி இது எலெக்ட்ரிக் சைக்கிள் கணக்குதான், அதனால சைக்கிள் பாதைல தாராளமா போலாம்.

அடுத்து உக்காந்து பாருங்க. போட்டோவ பாத்து வாங்கிட்டு அழுதவங்க இருக்காங்க. சீட்டுக்கும் பெடலுக்கும் நடுவுல இருக்குற தூரம் பிக்ஸட், முன்ன பின்ன நகத்த முடியாது. உயரமான ஆளுன்னா முட்டி தாடைய இடிக்குற மாதிரி வரும், குள்ளமா இருந்தா கால் நீட்டியும் எட்டாது, அதுக்கு கம்பெனியே முதுகுக்கு வைக்க குஷன் வித்துச்சு, அதாவது பிரச்சன இருக்குன்னு அவங்களுக்கே தெரியும். என் வீட்டம்மா உக்காந்து ரெண்டு சுத்து பெடல் போட்டுட்டு "கால நீட்டி படுத்துக்கிட்டு அம்மி அரைக்குற மாதிரி இருக்கு"ன்னு எறங்கிட்டாங்க, அதுக்கப்புறம் தொடவே இல்ல.

வண்டிய செக் பண்றப்போ பின்பக்கத்த தூக்கி ஒரு கட்டை மேல வெச்சிட்டு பட்டன அமுக்குங்க. மோட்டார் பின்னாடி ஒரே ஒரு வீலத்தான் சுத்தும், இன்னொண்ணு சும்மா இருக்கும், அத பாத்து கெட்டுப்போச்சுன்னு பயந்துறாதீங்க, டிசைனே அப்படித்தான். காத கிட்ட கொண்டு போய் கேளுங்க, ஒரே சீரா "ஙீய்ய்"னு வந்தா ஓகே, நடுவுல கரகரன்னு பல்லு மாட்டுற சத்தமோ டக் டக்னோ வந்தா கியர்பாக்ஸ், அதான் மோட்டார் சுத்துறத கொறச்சு வீலுக்கு குடுக்குற பல்சக்கர டப்பா, போயிட்டு இருக்கு. அது இந்த வண்டிக்கு பொறவி வியாதி, 1985லயே கியர்பாக்ஸ் பிளாஸ்டிக் பிரச்சனையால உற்பத்திய கொஞ்ச நாள் நிறுத்தி வெச்சிருந்தாங்க. மாத்துறதுக்கு பார்ட்ஸ் தேடி அலையணும், அதனால அந்த சத்தம் கேட்டா வெலைய நல்லா கொறச்சு பேசுங்க. பட்டன அமுக்குனா "டக்"னு ரிலே (மோட்டாருக்கு கரன்ட்ட ஆன் ஆஃப் பண்ற சுவிட்ச்) சத்தம் வந்து மோட்டார் சுத்தலைன்னா பயப்படாதீங்க, பெரும்பாலும் ரிலே பாயின்ட் கருகியிருக்கும் இல்லன்னா மோட்டார் உள்ள கார்பன் பிரஷ் தேஞ்சிருக்கும், ரெண்டும் மலிவான வேல. டயர் எல்லாம் சின்னப்பசங்க சைக்கிள் சைஸ்தான், சைடுல எழுதியிருக்குற நம்பர குறிச்சிட்டு போனா கெடைச்சிரும், பழைய டயர்ல ஓட்டாதீங்க, வெளிய பளபளன்னு இருந்தாலும் ஓரத்துல வெடிப்பு விட்டிருக்கும்.

பாடி பாலிப்ரோப்பிலீன் பிளாஸ்டிக். இதுல ஒரு வில்லங்கம், சாதாரண பசை ஒட்டாது, பெயின்ட்டும் சரியா புடிக்காது, சும்மா அடிச்சா உரிஞ்சு வரும். நான் வாங்குன வண்டில பின்பக்க வெடிப்ப யாரோ எபாக்ஸி போட்டு ஒட்டி மேல வெள்ளை பெயின்ட் அடிச்சு வித்துட்டாங்க, மொத மழைல நெகத்தால சுரண்டுனா தகடு தகடா கையோட வருது. வெடிப்பு இருந்தா பிளாஸ்டிக் வெல்டிங் தெரிஞ்சவங்ககிட்ட அதே பிளாஸ்டிக் ராட் வெச்சு உருக்கி சேக்கணும், வேற வழி இல்ல. வருஷக்கணக்கா வெயில்ல நின்ன வண்டின்னா ஓரத்த லேசா வளச்சு பாருங்க, மொறுக்குன்னு உடையுற பதத்துல இருந்தா விட்டுருங்க.

இப்ப பேட்டரி, இங்கதான் எல்லாரும் ஏமாறுறது. கம்பெனி சொன்னது ஒரு சார்ஜுக்கு 20 மைல். கொடுத்தது 12 வோல்ட் 36 ஆம்பியர் அவர் லெட் ஆசிட் பேட்டரி. கணக்கு போடுங்க, 12ஐ 36ஆல பெருக்குனா 432 வாட் அவர். மோட்டார் 250 வாட்ங்கறது வெளிய தர்ற சக்தி, உள்ள சூடாகி வீணாப்போறதையும் சேத்தா பேட்டரில இருந்து 330 வாட் மாதிரி இழுக்கும், அதாவது ஏறக்குறைய 28 ஆம்பியர். பேப்பர்ல ஒரு மணி நேரத்துக்கு மேல வரணும். ஆனா லெட் ஆசிட் ஒரு கஞ்சப்பிசினாறி, மெதுவா கேட்டா முழுசா குடுக்கும், அவசரமா கேட்டா பாதியிலயே கைய விரிச்சிரும், 36னு எழுதுனது ஆற அமர பல மணி நேரமா எடுத்தா மட்டும் கெடைக்குறது, 28 ஆம்பியர்ல இழுத்தா 25 ஆம்பியர் அவர் கிட்ட வந்தாலே பெருசு. அதையும் ஒட்ட உறிஞ்சுனா பேட்டரி ஆயுசு போயிரும், குளிர்ல இன்னும் கொறையும். கடைசில 40 நிமிஷம், 10 மைல். நீங்க சமமான ரோட்டுல நல்லா பெடல் போட்டா கூட கொஞ்சம் வரும். அதனால 10 மைல்னு வெச்சுக்கிட்டு, போக 4 வர 4, மிச்சம் கையிருப்புன்னு பிளான் பண்ணுங்க.

பழைய பேட்டரியோட வண்டி வந்தா அத நம்பாதீங்க. சார்ஜ் போட்டு ஒரு ராத்திரி சும்மா விட்டுட்டு காலைல மல்டிமீட்டர் வைங்க, 12.7 வோல்ட் கிட்ட இருந்தா உசிரு இருக்கு, 12.2ன்னா பாதிதான் இருக்கு, சார்ஜ் போட்டும் அதுக்கு மேல ஏறலைன்னா ரீசைக்கிளிங்குக்கு கொண்டு போயிருங்க. புதுசு வாங்குறதா இருந்தா கார் ஸ்டார்ட் பண்ற பேட்டரி வாங்காதீங்க, அது சட்டுனு ஒரு தடவ கரன்ட் குடுக்க செஞ்சது, அடிக்கடி காலி பண்ணுனா சீக்கிரம் செத்துரும், கேரவனுக்கு வர்ற லெஷர் பேட்டரி வாங்குங்க. காசு இருந்தா லித்தியம் அயர்ன் பாஸ்பேட் போடலாம், நான் அதுக்குத்தான் மாறுனேன், எடை பாதிக்கு மேல கொறஞ்சுது, ரேஞ்சும் கூடுச்சு. ஆனா மூணு விஷயம் பாக்கணும், உள்ள இருக்குற பிஎம்எஸ், அதான் பேட்டரிய பாதுகாக்குற சர்க்யூட், 100 ஆம்பியராவது தாங்கணும், இல்லன்னா கிளம்புற நேரத்துல மோட்டார் இழுக்குற இழுப்புக்கு கட் ஆகி நடுரோட்டுல நிப்பீங்க, அப்புறம் சார்ஜர் லித்தியத்துக்கானதா இருக்கணும், அப்புறம் டிஸ்பிளேல இருக்குற பேட்டரி லைட்ட மறந்துருங்க, லித்தியம் கடைசி வரைக்கும் வோல்ட்ட எறக்காம புடிச்சு வெச்சுட்டு திடீர்னு கவுந்துரும், சிகப்பு வர்றதுக்குள்ள வண்டி நின்னுரும்.

மொத தடவ ஓட்டுறப்போ காலியான கார் பார்க்கிங்ல ஓட்டுங்க. ஹேண்டில்பார் தொடைக்கு அடியில இருக்கும், ரெண்டு கையும் இடுப்பு பக்கம் தொங்கும், நாற்காலிய புடிச்சிட்டு உக்காந்த மாதிரி. ஆக்சிலரேட்டர் கிடையாது, பட்டன அமுக்குனா மோட்டார் ஆன், விட்டா ஆஃப், நடுவுல ஒண்ணும் இல்ல. முன்னாடி ஒரு சக்கரம் பின்னாடி ரெண்டு, ஆட்டோ மாதிரி, அதனால பிரேக்க அமுக்கிக்கிட்டே வேகமா வளைச்சா முன்பக்கம் வெளிப்பக்கமா சாயப் பாக்கும், பிரேக்க நேரா போறப்பவே அடிச்சு முடிச்சிட்டு அப்புறம் வளைங்க. ரிவர்ஸ் இல்லைல, சந்துல மாட்டிக்கிட்டா எறங்கி முன்பக்கத்த தூக்கி திருப்பி வெச்சிட்டு திரும்ப உக்காரணும், அதுவும் நாலு பேரு பாக்குறப்போ. பழகிரும்.

ஏத்தத்துல ஒரு ரூல்தான், மோட்டார் தெணறுறதுக்கு முன்னாடியே நீங்க பெடல் போட ஆரம்பிக்கணும். வேகம் கொறையக் கொறைய மோட்டார் இழுக்குற கரன்ட் ஏறும், கரன்ட் ஏறுனா சூடு, சூடு ஏறுனா வண்டியே மோட்டார கட் பண்ணிரும், அப்புறம் ஆறுற வரைக்கும் 45 கிலோ வண்டிய கியர் இல்லாத பெடல்ல நீங்கதான் தள்ளணும். சைக்கிள்ல ஏத்தம் வந்தா எந்திரிச்சு நின்னு உடம்பு எடைய போட்டு மிதிப்போம்ல, இங்க படுத்திருக்கீங்க, அதுவும் முடியாது. இருக்குறதுலயே பெரிய கொறை இதுதான்னு நான் சொல்லுவேன், உசரம் எல்லாம் அப்புறம்.

உசரத்தையும் சொல்லிர்றேன். வண்டி மொத்தமே 79.5 சென்டிமீட்டர். லாரி பக்கத்துல போய் நின்னா டிரைவர் கண்ணுக்கு நீங்க இல்லவே இல்ல. கொடிக்கம்பம் மாதிரி ஒரு மாஸ்ட் வரும், கண்ணாடி, இண்டிகேட்டர், எல்லாத்தையும் அன்னிக்கு எக்ஸ்ட்ரா காசுக்கு வித்தாங்க, விளம்பரத்துல சேஃப்டி பத்தி சொன்னத நிரூபிக்க முடியலைன்னு விளம்பர ஆணையமே மாத்தச் சொல்லுச்சு. மாஸ்ட் இல்லாத வண்டின்னா ஃபைபர் கம்புல ஆரஞ்சு கொடி கட்டி மாட்டுங்க, பளீர் லைட் முன்ன பின்ன வைங்க, ஹெல்மெட் வேணாம்னு சட்டம் சொன்னாலும் போடுங்க. 60, 70 மைல் வேகத்துல கார் பறக்குற ரோட்டுக்கு மட்டும் எடுத்துட்டு போகாதீங்க, நான் ஒரே ஒரு தடவ ரவுண்டானா ஒண்ண குறுக்க கடந்தேன், பக்கத்துல வந்த லாரியோட வீல் நட்டு என் கண்ணுக்கு நேரா சுத்துச்சு, அன்னிக்கு எடுத்த முடிவு.

24 வோல்ட் போட்டா பறக்கும்னு யாராவது ஐடியா குடுப்பாங்க. பறக்கும்தான். ஆனா மோட்டார் சூடாகும், கியர்பாக்ஸ் பல்லு கழண்டுரும், பிரேக் 15 மைல் வேகத்துக்கு வெச்சது. அத விட முக்கியம், 250 வாட்டும் வேக வரம்பும் தாண்டுச்சுன்னா அது சைக்கிள் கணக்குல இருந்து மோட்டார் வண்டி கணக்குக்கு போயிரும், ரிஜிஸ்ட்ரேஷன், லைசென்ஸ், இன்ஷூரன்ஸ் எல்லாம் கேப்பாங்க, இல்லாம போலீஸ்கிட்ட மாட்டுனா வண்டியும் போகும்.

நிறுத்துறப்போ சாவிய எடுத்தா மட்டும் பத்தாது, ரெண்டு பேரு அலேக்கா தூக்கி வேன்ல போட்டுட்டு போயிருவாங்க, பின் வீலோட பைக் சங்கிலி மாட்டி கம்பத்துல கட்டுங்க. பாடிய சுத்தி கட்டாதீங்க, பிளாஸ்டிக்க கத்திலயே அறுத்துரலாம்.