பழைய காலம் பழுப்பு நிறத்தில் இருந்ததில்லை

நவம்பர் 16 நெருங்கினால் தென்னாப்பிரிக்காவின் டர்பனில் எங்கள் கோயில் மண்டபங்களில் ஒத்திகைச் சத்தம் கேட்கத் தொடங்கிவிடும். 1860இல் அந்த நாளில்தான் சென்னையிலிருந்து புறப்பட்ட ட்ரூரோ கப்பல், தோட்ட வேலைக்கு ஒப்பந்தமாகி வந்த 342 பேரோடு இங்கே கரைசேர்ந்தது. ஆண்டுதோறும் யாராவது அந்தக் காட்சியை மேடையிலோ குறும்படத்திலோ கொண்டுவருகிறார்கள். இந்த ஆண்டு இரண்டு இளைஞர் குழுக்கள் உடைக்காக என்னைக் கூப்பிட்டிருந்தன. இரண்டு இடத்திலும் அடுப்பில் ஒரு பெரிய அண்டா, அதில் கொதிக்கும் தேயிலைத் தண்ணீர், பக்கத்தில் பழசாகக் காட்ட முக்குவதற்காகக் குவித்த புதுச் சேலைகள். பதினோரு வருடத்துக்கு முன் நானும் அப்படித்தான் ஓர் அண்டா முன்னால் நின்றேன்.

கைக்கடிகாரத்தைக் கழற்ற மறப்பது, ரவிக்கையில் ஜிப் தெரிவது போன்றவற்றை இங்கே எழுதப் போவதில்லை. அவை எப்படியும் யார் கண்ணிலாவது பட்டுவிடும். கண்ணில் படாமல் படத்தையே கெடுப்பவை வேறு.

தேயிலைச் சாயம்

என் முதல் குறும்படம் பன்னிரண்டு நிமிடம் ஓடும். 1870களில் ஒரு கரும்புத் தோட்டத்தில் நடக்கிற கதை. டர்பனின் இந்தியக் கடைவீதியான கிரே ஸ்ட்ரீட்டில் கடை கடையாக ஏறி 18 சேலை, 10 வேட்டி வாங்கினேன். உடைக்கென்று ஒதுக்கிய 6,000 ரேண்டும் அதிலேயே தீர்ந்தது. அன்று ராத்திரியே எல்லாவற்றையும் தேயிலையில் போட்டேன். ஏழைகள், கஷ்டப்பட்டவர்கள், அந்தக் காலத்து மனிதர்கள். அப்படியானால் பழுப்புதானே என்று நினைத்தேன்.

பருத்திச் சேலைகள் தேயிலைக் கறையைக் குடித்துச் சேற்று நிறமாயின. பிறகு எந்தச் சோப்புக்கும் அது போகவில்லை. பாலியெஸ்டர் கலந்தவை கறையை வாங்காமல் பளபளவென்று கிடந்தன. பாதி அழுக்கு, பாதி மினுக்கு. அதையும் பரவாயில்லை என்று ஜூன் மாதம் படப்பிடிப்புக்குப் போனோம்.

கடலோர மேட்டு நிலம். மண் செம்மணல். இங்கே ஜூன் குளிர்காலமானதால் கரும்பின் அடிச்சோகை காய்ந்து தொங்கியது. அந்த நிலத்தின் மேல் பழுப்புச் சேலைக்காரிகள் பதினாலு பேரை நிறுத்தித் தூரக் காட்சி எடுத்தோம். திரையில் பார்த்தபோது ஆட்களே இல்லை. அத்தனை பேரும் மண்ணோடும் சோகையோடும் கரைந்துபோயிருந்தார்கள். கதாநாயகி கூட்டத்தை விட்டுப் பிரிந்து நடக்கிற இடம்தான் கதையின் உயிர். அவள் பிரிந்ததே யாருக்கும் தெரியவில்லை. வண்ணத் திருத்தத்தில் பார்த்துக்கொள்ளலாம் என்றார் தொகுப்பாளர். துணியில் இல்லாத நிறத்தை எங்கிருந்து கொண்டுவருவது? திரும்ப எடுக்கலாம் என்று ஜூலைக் கடைசியில் போனோம். இங்கே கரும்பு வெட்டு ஏப்ரல் வாக்கில் தொடங்கி டிசம்பர் வரை நடக்கும். அந்தக் காட்டை வெட்டி ஆலைக்கு ஏற்றிவிட்டார்கள். அடிக்கட்டைகள்தான் நின்றன.

வேறு வழியில்லாமல் அப்படியே, டர்பனில் நம்மவர்கள் நிறையப் பேர் வாழும் சாட்ஸ்வொர்த்தில் ஒரு மண்டபத்தில் திரையிட்டோம். முடிந்ததும் முன்வரிசையில் இருந்த ஒரு வயதான ஆயா என் கையைப் பிடித்து, "ஏம்மா, எல்லாருக்கும் ஒரே அழுக்குத் துணியாப் போட்டு விட்டிருக்கே? எங்க ஆயா பெட்டியில அரக்குச் சேலை இருந்துச்சே, நான் தொட்டுப் பாத்திருக்கேன்" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. அவர் ஆயாவை நான் அவமதித்துவிட்டதாக எனக்குப் பட்டது. இன்றைக்கும் அது ஆறவில்லை. அதனால்தான் அந்த அண்டாவைப் பார்த்தாலே எனக்கு எரிச்சல் வருகிறது.

இந்தப் பழுப்பு நம் தலைக்குள் வந்தது பழைய புகைப்படங்கள் வழியாக. அந்தக் காலத்துக் கண்ணாடித் தகடுகள் நீல ஒளியைத்தான் நன்றாக வாங்கும். சிவப்பு அவற்றில் பதியாது, மஞ்சள் மங்கிப் பதியும். எல்லா நிறத்தையும் உணரும் தகடுகள் 1906 வாக்கில்தான் விற்பனைக்கு வந்தன. ஆகவே அரக்குச் சேலை படத்தில் கறுப்பாக விழுந்தது, நீலச் சேலை வெளுத்து விழுந்தது. அப்புறம் அந்தத் தாளும் ஆண்டுக்கணக்கில் மஞ்சளித்தது. தாளுக்கு வந்த மூப்பை எடுத்து நாம் மனிதர்கள் உடம்பில் சுற்றுகிறோம்.

ட்ரூரோ வந்த சில நாளில் நேட்டால் மெர்குரி பத்திரிகை அந்த இறங்குதுறைக் காட்சியை வர்ணித்தது. நம்மவர்களை ஏளனமாகத்தான் எழுதியிருக்கிறார்கள். ஆனாலும் ஆண்களின் பெரிய மஸ்லின் தலைப்பாகையும் வண்ண உடைகளும் அதில் பதிவாகியிருக்கின்றன. ஏளனம் செய்தவன் கண்ணுக்கே தெரிந்த நிறம், அவர்கள் வழிவந்த நமக்குத் தெரியாமல் போகலாமா? சோழமண்டலக் கரையில் சாயவேர்ச் சிவப்பும் அவுரி நீலமும் பல நூற்றாண்டுத் தொழில். அந்தக் கரையோர மாவட்டங்களிலிருந்து வந்தவர்கள் கோணிப்பை நிறத்திலா வந்திருப்பார்கள்?

வறுமையைக் காட்ட வேண்டும் என்றால் துணி எங்கே தேயும் என்று பாருங்கள். சிவப்போ மஞ்சளோ நீலமோ, கெட்டியான பருத்தியாக வாங்கி, சலவைச் சோடாவில் ஆறேழு தடவை அலசி வெயிலில் போடுங்கள். பிள்ளையைத் தூக்கி வைக்கும் இடுப்பு, சுமை உரசும் தோள், கை துடைக்கிற முந்தானை ஓரம், இந்த இடங்களில் மட்டும் உப்புத்தாளால் தேயுங்கள். கீழ் விளிம்பில் படம் எடுக்கப்போகிற இடத்து மண்ணையே தேய்த்துவிடுங்கள். வேறு மண் என்றால் நிறம் காட்டிக்கொடுக்கும். மடிப்புக்குள் இருக்கிற பகுதி வெளுக்காமல் நிற்கட்டும். நடக்கும்போது கொசுவம் விரிந்து அந்தப் பழைய சிவப்பு ஒரு கணம் தெரியும். எவ்வளவு காலமாக அந்தச் சேலையைக் கட்டுகிறாள் என்பது வசனமில்லாமலே விளங்கிவிடும்.

எல்லாருக்கும் ஒரே கட்டு

ட்ரூரோவுக்குப் பத்து நாள் கழித்து, நவம்பர் 26ஆம் தேதி, கல்கத்தாவிலிருந்து பெல்வெடேர் கப்பல் வந்தது. அதற்குப் பிறகு கூலிகள் தங்கிய தோட்ட லைன்களில் தமிழும் தெலுங்கும் போஜ்புரியும் கலந்தே ஒலித்தன. பின்கொசுவம் வைத்துக் கட்டியவளும் முக்காடு இட்டவளும் பக்கத்துப் பக்கத்து அறைகளில் இருந்தார்கள். இன்றைக்குக் கல்யாண வீட்டுக்குக் கட்டுகிற மாதிரி முன்கொசுவத்தில் மடிப்பு மடிப்பாகப் பின் குத்தி எல்லாரையும் நிறுத்தினால் இந்த வேற்றுமை முழுக்கப் போய்விடும். பாட்டிமாரிடம் போய்க் கட்டக் கற்றுக்கொள்ளுங்கள். ஒரு நாள் போதாது. குனிந்து வெட்டி, பானை தூக்கி, ஓடிப் பார்த்தால்தான் கட்டு உடம்பில் உட்காரும்.

ஒரே பிரதி

மழை, சேறு, ரத்தம் வருகிற காட்சியா? அதே துணியில் இரண்டு வாங்குங்கள்.

நுண்கட்டம்

பொடிக் கட்டம் போட்ட துணி கேமராவில் அலை அலையாய் நெளிந்து தெரியும். வேண்டாம்.

பின்னணியை உடைக்குப் பிறகு பார்ப்பது

கப்பலிலிருந்து இறங்கும் காட்சியை டர்பன் பக்கத்து உம்ஹ்லாங்கா கடற்கரையில் எடுத்த ஒரு குழுவின் படத்தைப் பார்த்தேன். நடிப்பு அருமை. பின்னால் சிவப்பும் வெள்ளையுமாகக் கலங்கரை விளக்கம் நிற்கிறது. அது 1954இல் கட்டியது. அவ்வளவு நேரம் நம்பி உட்கார்ந்திருந்தவர்கள் அதைப் பார்த்ததும் பக்கத்தில் இருப்பவரோடு பேசத் தொடங்கிவிட்டார்கள்.

கோயில் காட்சியிலும் இதுவே நடக்கிறது. வண்ணம் பூசிய கோபுரத்தின் முன்னால் 1865ஆம் ஆண்டுப் பூசையை எடுக்கிறார்கள். நம்மவர்கள் இங்கே முதலில் எழுப்பியவை மண் பூசிய சுவரும் புல் கூரையுமான சின்னக் கோயில்கள். அப்படி ஒன்றை மூங்கிலும் களிமண்ணும் கொண்டு இரண்டு நாளில் கட்டிவிடலாம், நாங்கள் கட்டியிருக்கிறோம். அந்த மண் சுவரின் முன்னால் ஒரே ஒரு மஞ்சள் சேலை நின்றால் போதும், பார்க்கிறவர் கண் வேறெங்கும் போகாது. சுவரின் நிறம் தெரிந்த பிறகுதான் சேலை வாங்கக் கிளம்ப வேண்டும். துணியில் ஒரு முழம் எடுத்துக்கொண்டு, படம் எடுக்கப்போகிற அதே நேரத்து வெயிலில், அதே கேமராவில் பார்த்துவிடுங்கள்.

பாதம்

உடையெல்லாம் சரியாக அமைந்த பிறகும் அண்மைக் காட்சியில் மாட்டிக்கொள்வது பாதம்தான். செருப்பு வார் படிந்த வெள்ளைக் கோடு, நகப்பூச்சின் மிச்சம், கல் குத்தினால் சுருங்குகிற நடை. படப்பிடிப்புக்கு மூன்று வாரம் முன்பிருந்தே வீட்டு முற்றத்தில் வெறுங்காலோடு நடக்கச் சொல்லுங்கள்.