டெட்ராய்ட் ஆற்றில் வசந்தகால வால்ஐ: முதல்முறை கைடோடு (வழிகாட்டிப் படகோட்டியோடு) போகும் மீன்பிடி கிளப்காரர்களுக்கு

ஈரி ஏரியில் வாழும் வால்ஐ மீன்களில் ஒரு பெருங்கூட்டம் பனி உருகியதும் முட்டையிட டெட்ராய்ட் ஆற்றுக்குள் ஏறும். தண்ணீர் 42 டிகிரி ஃபாரன்ஹீட்டைத் தொட்டால் வேட்டை சூடுபிடிக்கும், 50-ஐத் தாண்டியதும் மெல்ல அடங்கும். தேதி குறிப்பதென்றால் ஏப்ரல் நடுப்பகுதி நல்லது.

புறப்படும் முன்

ஆளுக்கொரு மிச்சிகன் மாநில மீன்பிடி உரிமம் வேண்டும். 17 வயது நிரம்பிய எல்லோருக்கும் இது கட்டாயம், கைடின் உரிமம் உங்களுக்குச் செல்லாது. பழைய ஆண்டு உரிமம் மார்ச் 31-உடன் காலாவதியாகிவிடும். இதைக் கவனிக்காமல் ஏப்ரலில் படகேறுபவர்கள் எல்லாக் கிளப்பிலும் உண்டு. ஆற்றின் நடுவே கனடா எல்லை ஓடுகிறது. அந்தப் பக்கம் தூண்டில் போட ஒன்டாரியோ உரிமம் தனி.

காசு வாங்கி ஆள் ஏற்றும் கேப்டனிடம் அமெரிக்கக் கடலோரக் காவல்படையின் உரிமம் இருக்க வேண்டும், கேட்டுவிடுங்கள். வழக்கமான உரிமத்தில் 6 பயணிகள்வரை ஏற்றலாம். ஆனால் ஜிக் (எடைத்தலை வைத்த தூண்டில் முள்) ஆட்டும்போது 6 பேர் நின்றால் தூண்டில் நரம்போடு நரம்பு பின்னிக்கொள்ளும். படகுக்கு 4 பேர் என்று பிரியுங்கள். ராடும் (தூண்டில் கோலும்) இரையும் யார் பொறுப்பு, மீனை வெட்டித் தருவாரா, காற்றடித்து ரத்தானால் முன்பணம் என்னவாகும் என்பதையும் பேசி முடித்துவிடுங்கள். கட்டணத்துக்கு மேல் 15 முதல் 20 சதவீதம் டிப்ஸ் அங்கே வழக்கம்.

கரையில் வெயில் அடித்தாலும் ஆற்றில் குளிர் எலும்பைத் தொடும். அந்தத் தண்ணீரில் விழுந்தால் சில நிமிடங்களில் கை கால் விறைத்துவிடும். லைஃப் ஜாக்கெட்டைப் போட்டுக்கொண்டே இருங்கள், இருக்கைக்கு அடியில் வைத்தால் பயனில்லை.

தூண்டில் கட்டுவது

ஆறரை அடிக்கு மிகாத, நுனி சட்டென வளையும் ராடு. நரம்பு சுற்ற 2500 அளவு ஸ்பின்னிங் ரீல். 10 பவுண்டு தாங்கும் பின்னல் நரம்பு, அதன் முனையில் 2 அடி ஃப்ளூரோகார்பன் நரம்பு. ஜிக் 5/8 அவுன்ஸ், ஓட்டம் வேகமானால் 3/4 அவுன்ஸ். எமரால்டு ஷைனர் என்ற சின்ன மீன்தான் இரை. ஜிக் முள்ளை அதன் வாய்வழியே விட்டுத் தலையின் பின்பக்கம் வெளியே எடுங்கள். மூன்று முனை கொண்ட சிறு முள் ஒன்றை ஜிக்கோடு குட்டை நரம்பில் கட்டி வால் பக்கம் தொங்க விடுங்கள். வால்ஐ பல நேரம் வாலை மட்டும் கவ்வும், அதைப் பிடிப்பது இந்த முள்தான். தண்ணீர் கலங்கியிருந்தால் ஆரஞ்சு, பச்சைமஞ்சள் ஜிக் எடுங்கள்.

ஆட்டும் முறை

முழு வித்தையும் இங்கேதான். கைடு முன்பக்க மின்மோட்டாரால் படகை ஓட்டத்தின் வேகத்திலேயே நகர்த்துவார். உங்கள் நரம்பு செங்குத்தாக நிற்க வேண்டும் என்பதுதான் அதன் நோக்கம். ஜிக் தரையைத் தொடும்வரை விட்டு ரீலை மூடுங்கள். ராடு நுனியை 6 முதல் 8 அங்குலம் தூக்குங்கள். இறக்கும்போது நரம்பைத் தளரவிடாமல் ஜிக்கோடு கூடவே நுனியைக் கீழே கொண்டுபோங்கள். வால்ஐ பெரும்பாலும் ஜிக் இறங்கும்போதுதான் கவ்வும். நரம்பு தொளதொளவென்று இருந்தால் அது கவ்வும் தட்டல் கைக்குத் தெரியாது. சில சமயம் தட்டலே இருக்காது, அடுத்துத் தூக்கும்போது ஈரத்துணி மாட்டியதுபோல் கனக்கும். இரண்டிலும் யோசிக்காமல் மேல்நோக்கிச் சொடுக்குங்கள்.

நரம்பு சாய்ந்தால் புதியவர்கள் இன்னும் இன்னும் நரம்பு விடுவார்கள். ஜிக் பின்னால் இழுபட்டுக் கல்லில் மாட்டும். முழுக்கச் சுற்றியெடுத்து மறுபடி நேராக இறக்குங்கள். அப்போதும் சாய்ந்தால் ஜிக்கின் எடையைக் கூட்டுங்கள். தரை 10 அடியிலிருந்து 25 அடிவரை ஏறி இறங்கும், ஆகவே நாலைந்து ஆட்டுக்கு ஒருமுறை தரையைத் தொட்டுப் பாருங்கள். ஆறு தெற்கே ஓடுவதால், தெற்குக் காற்று எதிர்த்து அடிக்கும் நாளில் படகைப் பிடித்து வைப்பது கைடுக்கே பெரும்பாடு. ஆறு புறப்படும் செயின்ட் கிளேர் ஏரியைப் பலத்த காற்று கலக்கிவிட்டால் ஆறு சேறாகிவிடும். அந்த நாளைத் தள்ளிப்போடச் சொன்னால் தள்ளிப்போடுங்கள், வாக்குவாதம் வேண்டாம்.

மீன் மேலே வந்ததும் நரம்பைப் பிடித்துத் தூக்காதீர்கள். தலை முதலில் நுழையும்படி கைவலைக்குள் நடத்துங்கள். பல்லும் முதுகுத் துடுப்பு முள்ளும் செவுள் மூடியின் விளிம்பும் கையைக் கிழிக்கும். வாய்க்குள் கட்டைவிரல் விடாதீர்கள்.

எதை வைத்துக்கொள்வது

மீன் குறைந்தது 15 அங்குல நீளம், ஆளுக்கு நாளொன்றுக்கு 6 மீன் என்பதே அங்கு இருந்துவரும் விதி. ஆனாலும் அந்த ஆண்டின் மிச்சிகன் விதிப்புத்தகத்தைப் பார்த்துவிட்டே போங்கள். 25 அங்குலத்துக்கு மேற்பட்ட மீன் பெரும்பாலும் சினைப் பெண்தான், விட்டுவிடுங்கள். உண்ணச் சின்ன ஆண்மீன்களே ருசி. கரை சேரும்வரை மீனை முழுசாக ஐஸில் வையுங்கள். அளவு பார்க்க வரும் அதிகாரிக்குத் துண்டு போதாது.

எத்தனை வேளை உண்ணலாம் என்று மாநில சுகாதாரத் துறையின் மீன் உணவு வழிகாட்டி சொல்கிறது. தோலையும் கொழுப்பையும் நீக்கினால் பிசிபி என்ற தொழிற்சாலை நச்சு குறையும். பாதரசம் சதையிலேயே தங்குவதால் எப்படிச் சமைத்தாலும் போகாது. குழந்தைகளுக்கும் கர்ப்பிணிகளுக்கும் கொடுக்கும் முன் அந்தப் பட்டியலைப் பாருங்கள்.