பிறக்கப்போகும் பிள்ளைக்கு ஓர் அறை: கூரையிலிருந்து தொடங்குவோம்

குழந்தை அறை என்று விளம்பரப் படங்களில் காட்டப்படுபவை பெரும்பாலும் குளிரூட்டப்பட்ட, தனியான அறைகள். கிளிநொச்சியிலும் முல்லைத்தீவிலும் மீள்குடியேற்றத்தின் பின் கட்டப்பட்ட வீட்டுத்திட்ட வீடுகளுள் பல 550 சதுர அடி அளவிலானவை. அவற்றின் இரண்டு அறைகளுள் ஒன்றைப் பிள்ளைக்கென ஒதுக்க எல்லோராலும் இயலாது. அதற்காக வருந்தவும் வேண்டியதில்லை. முதல் ஆறு மாதங்களாவது பிள்ளை பெற்றோரின் அறையிலேயே, ஆனால் தனிப் படுக்கையில் உறங்குவதே பாதுகாப்பானது என்று குழந்தை மருத்துவர்கள் அறிவுறுத்துகின்றனர். ஆகவே இங்கு விளக்கப்படுவது தாயின் அறையில் ஒரு பக்கத்தைப் பிள்ளைக்கு ஏற்றதாக்கும் முறையாகும். பிள்ளை பிறக்குமுன் பொருள் வாங்கக்கூடாது என்னும் நம்பிக்கை உள்ள வீடுகளிலும் இதில் முக்கால்வாசியைச் செய்யலாம். கூரை, யன்னல், சுவர் ஆகியவற்றைத் திருத்துவதை எந்தப் பெரியவரும் தடுப்பதில்லை.

முதலாவது: வெப்பம்

சித்திரை தொடங்கி ஆவணி வரை வவுனியாவிலும் அதற்கு வடக்கிலும் பகல் வெப்பம் 35 பாகை செல்சியஸை எட்டுவதுண்டு. அஸ்பெஸ்டஸ் தகடு வேய்ந்த வீட்டில் பிற்பகலில் வெப்பம் மேலிருந்தே இறங்குகிறது என்பதால், மின்விசிறி அந்தச் சூட்டையே சுழற்றிக்கொண்டிருக்கும். கூரைக்கும் அறைக்கும் இடையில் ஒரு சீலிங் அமைத்து, நடுவே காற்று வெளியேற வழி விடுவதே நிரந்தரத் தீர்வு. அதற்குப் பணம் இல்லாதவர்கள் வெயில் படும் மேற்குச் சுவருக்கு வெளியே ஒரு கிடுகுப் பந்தல் போட்டால், அல்லது பந்தலிட்டுப் பாகலோ அவரையோ படரவிட்டால், சுவர் சூடேறுவது குறையும்; மாலையில் அந்த வேறுபாட்டைக் கையால் தொட்டே உணரலாம்.

அஸ்பெஸ்டஸ் தகட்டில் துளையிடுவதையும் அதை அறுப்பதையும் உலர்ந்த நிலையில் தேய்த்துத் துடைப்பதையும் தவிர்க்க வேண்டும். அதிலிருந்து பறக்கும் நுண்ணிய நார்கள் நுரையீரலில் தங்கிவிடுபவை. உடைந்த தகடு இருந்தால் அதை நனைத்து, துண்டாக்காமல் கழற்றி மாற்றச் செய்யுங்கள். அவ்வேளையில் கர்ப்பிணி வீட்டில் இருக்க வேண்டாம்.

இரண்டாவது: யன்னல், நுளம்பு, தூசி

இலங்கை மலேரியா அற்ற நாடு என்று உலக சுகாதார நிறுவனம் 2016 இல் சான்றளித்தது. ஒரு காலத்தில் காய்ச்சலுக்குப் பெயர்போன வன்னிக்கு இது சிறிய செய்தியன்று. ஆனால் டெங்கு இருக்கிறது. டெங்கைப் பரப்பும் நுளம்பு பகலில் கடிப்பது. இரவில் மட்டும் வலை போடும் வழக்கம் பகலிலும் உறங்கும் பச்சைக் குழந்தைக்குப் போதாது. எனவே யன்னலின் உள் அளவுக்கு ஒரு மரச்சட்டம் செய்வித்து, அதில் நுண்வலை அடித்து, இரண்டு கொளுக்கிகளால் பொருத்துங்கள். ஆணியடித்து நிரந்தரமாக்க வேண்டாம். சோளகக் காற்று வீசும் மாதங்களில் கிரவல் வீதியின் புழுதி அந்த வலையை அடைத்துவிடும். கழற்றிக் கழுவ முடியாத வலை நாளடைவில் காற்றை மறிக்கும் சுவராகிவிடும்.

நுளம்புத்திரியை இந்த அறையில் கொளுத்தாதீர்கள். சாம்பிராணிப் புகை பற்றி வீட்டில் கருத்து வேறுபாடு எழலாம். புகை பிடித்தே ஆகவேண்டுமென்றால், பிள்ளை வேறிடத்தில் இருக்கும்போது பிடித்து, புகை முற்றாக வெளியேறிய பின் பிள்ளையைக் கொண்டுவருவது இரு தரப்பும் ஏற்கக்கூடிய ஏற்பாடு.

மூன்றாவது: சுவரும் நிலமும்

சுவருக்குச் சுண்ணாம்பு போதும். பெயின்ற் விரும்பினால், ஈயம் சேர்க்கப்படாதது என்று தகரத்தில் குறிக்கப்பட்ட, நீரில் கரையும் வகையை வாங்கி, பிரசவத் திகதிக்கு ஒரு மாதம் முன்பே பூசி முடித்து, யன்னல்களைத் திறந்துவைத்து மணத்தைப் போக்குங்கள். பழைய பெயின்ற்றைச் சுரண்டும் வேலையைத் தாயாகப்போகிறவர் செய்யக்கூடாது.

நிலத்தில் வெடிப்புகள் இருந்தால் சீமெந்தால் அடையுங்கள். கதவின் அடியில் விரல் நுழையும் இடைவெளி இருந்தால் இறப்பர்ப் பட்டி அடித்து மூடுங்கள். வயலும் காடும் அருகிலுள்ள வீடுகளில் இரவில் கட்டுவிரியன் பாம்பு உள்ளே வருவதும், நிலத்தில் பாய் விரித்து உறங்குபவரைக் கடிப்பதும் நடப்பவையே. அதன் கடி அதிகம் வலிப்பதில்லை என்பதால் தூக்கத்தில் தெரியாமலும் போய்விடலாம். தாயும் பிள்ளையும் நிலத்திலன்றித் தத்தம் கட்டிலில் உறங்க வேண்டும் என்பதற்கும், வலையின் விளிம்பை மெத்தையின் கீழ் செருக வேண்டும் என்பதற்கும் இதுவே காரணம். விரிப்பின் நுனி நிலத்தில் தொங்கக்கூடாது.

நான்காவது: கட்டில்

பணத்தில் பெரும்பகுதியை இங்கே செலவிடுங்கள். மற்றவற்றை இரவல் வாங்கலாம். தளபாடக் கடையில் ஆயத்தமாக வாங்குவதைவிட, ஊர்த் தச்சரிடம் வேப்ப மரத்தில் செய்விப்பது நல்லது என்பது என் கருத்து: வேம்பைப் பூச்சி எளிதில் அரிப்பதில்லை, அளவுகளையும் நாமே சொல்லலாம். மரம் நன்றாகக் காய்ந்திருக்க வேண்டும், இல்லாவிட்டால் மாரியிலும் கோடையிலும் முறுகிக் கம்பிகள் தளர்ந்துவிடும்.

தச்சரிடம் இந்த அளவுகளை எழுதிக் கொடுங்கள். உள் நீளம் 120 சென்ரிமீற்றர், அகலம் 60. கம்பிகளுக்கிடையிலான வெளி 4.5 இற்குக் குறையாமலும் 6 இற்கு மிகாமலும் இருக்க வேண்டும். அதற்கு மேல் போனால் பிள்ளையின் உடல் நழுவித் தலை சிக்கிக்கொள்ளும். கம்பிகள் எல்லாம் நிலைக்குத்தாகவே அமைய வேண்டும், ஏனெனில் குறுக்குச் சட்டங்கள் பின்னாளில் ஏறுவதற்குப் படிகளாகிவிடும். மூலைக் கால்களின் தலையில் குமிழ்கள் வேண்டாம். துணி அவற்றில் மாட்டிக்கொள்ளும். மெத்தைத் தட்டை இரு உயரங்களில் பொருத்தும்படி துளைகள் விடச் சொல்லுங்கள். பழைய கட்டில் கிடைத்தால், குளிர்பானத் தகரம் ஒன்றைக் கம்பிகளுக்கிடையில் நுழைத்துப் பாருங்கள்; அது நுழைந்தால் அந்தக் கட்டிலை ஏற்காதீர்கள்.

மெத்தை கடினமானதாக, தட்டையாக இருக்க வேண்டும். இறுக்கமான தும்பு மெத்தை பொருத்தமானது. இலவம் பஞ்சு மெத்தையில் பிள்ளையின் முகம் அமிழும். கட்டிலுக்கும் மெத்தைக்கும் இடையில் இரண்டு விரலுக்கு மேல் இடைவெளி இருக்கக்கூடாது. அதன் மேல் இறுக்கமாக விரித்த ஒரு பருத்தித் துணி, அவ்வளவுதான். பிள்ளையை எப்போதும் மல்லாக்காகவே கிடத்துங்கள். தலையணை, அணைவு மெத்தை, பொம்மை, தடித்த போர்வை ஆகிய எவையும் முதல் வருடத்தில் உள்ளே வரக்கூடாது. தலை உருண்டையாக வரவேண்டுமென்று அம்மம்மா கடுகு நிரப்பித் தைத்த சிறு தலையணையும் இதில் அடங்கும். அவருடைய மனம் நோகாதவாறு அதை அலுமாரித் தட்டில் அழகாக வையுங்கள், குடும்பநல மருத்துவ மாது வரும் நாளில் அவரைக் கொண்டே விளக்கச் செய்யுங்கள். நீங்கள் சொன்னால் ஏற்காதவர் அவர் சொன்னால் ஏற்பார்.

ஏணை

ஏணை இல்லாத வீட்டை நம்மவர்கள் பிள்ளை இருக்கும் வீடாகவே கருதுவதில்லை. அழும் பிள்ளையை அமர்த்த அதைப் போல் உதவுவது வேறில்லை என்பதும் உண்மை. ஆனால் சேலையின் வளைவில் பிள்ளையின் நாடி நெஞ்சில் முட்டும்படி தலை குனிந்தால் மூச்சு தடைப்படும். ஆகவே ஏணையை விழித்திருக்கும் ஒருவரின் கண்பார்வையில் பகலில் மட்டும் பயன்படுத்தி, உறங்கியதும் பிள்ளையைக் கட்டிலுக்கு மாற்றுங்கள். அதை மெல்லிய கைமரத்தில் கட்டாமல், பெரியவர் ஒருவர் தொங்கினாலும் தாங்கும் வளையில் கட்டுங்கள். இழை பிரிந்த பழைய சேலையைத் தவிருங்கள். நிலத்திலிருந்து இரண்டு அடிக்கு மேல் உயரம் தேவையில்லை. கீழே ஒரு பாயை மடித்துப் போடலாம்.

துணியும் வெளிச்சமும்

பிள்ளைத் துணிகளுக்குப் பனையோலைப் பெட்டிகளே போதும். காற்று புகும், விலையும் குறைவு, பார்வைக்கும் அழகு. துணிகளுக்கிடையில் பூச்சி உருண்டை போடாதீர்கள். சில பிள்ளைகளுக்கு அதன் நெடியால் இரத்தச் சிவப்பணுக்கள் சிதைந்து கடும் மஞ்சட்காமாலை வரக்கூடும். காய்ந்த வேப்பிலையைத் துணியில் முடிந்து வைக்கலாம். அலுமாரியைச் சுவருடன் ஆணியால் பிணையுங்கள். துணி மாற்ற உயரமான மேசை தேவையில்லை. பெரியவர்களின் கட்டிலில் இறப்பர்த் துணி விரித்து, ஒரு கையைப் பிள்ளை மீது வைத்துக்கொண்டு மற்றக் கையால் வேலை செய்யலாம். இரவில் பால் கொடுக்க மங்கலான சிறு மின்குமிழ் ஒன்றைத் தாழ்வாகப் பொருத்துங்கள். மின்வெட்டுக்கு மின்னேற்றும் விளக்கு வேண்டும். வலை உள்ள அறையில் குப்பி விளக்கு வேண்டாம்.

கடைசியாக, அலங்காரம்

புதிதாகப் பிறந்த குழந்தைக்கு 20 முதல் 30 சென்ரிமீற்றர் தூரம் வரையே தெளிவாகத் தெரியும். அதுவும் கறுப்பும் வெள்ளையுமாக எடுப்பாக வேறுபடுபவையே முதலில் கண்ணை ஈர்க்கும். சுவரில் இளஞ்சிவப்பு மேகங்கள் வரைவது பெற்றோரின் மகிழ்ச்சிக்காகவே என்பதை அறிந்துகொண்டு வரைவதில் தவறில்லை. மயிலும் பனையும் நன்றாக இருக்கும். யானை வரைவதை, காட்டு யானைகளுக்குப் பயிரைப் பறிகொடுக்கும் நெடுங்கேணிப் பக்கத்து வயற்காரர்கள் விரும்பமாட்டார்கள்.

கட்டிலுக்கு மேல் தொங்கவிட ஓலைக்கிளிகள் சிறந்தவை. குருத்தோலையில் நான்கைந்து கிளிகள் மடித்து, சிலவற்றில் கரியால் பட்டை தீட்டி, ஒரு மூங்கில் வளையத்தில் குறுகிய நூல்களால் கட்டி, காற்றில் சுழலும்படி முகட்டு வளையிலிருந்து தொங்கவிடுங்கள். அதைப் பிள்ளையின் தலைக்கு நேர் மேலே கட்டாமல், கால் பக்கமாக, கை எட்டாத உயரத்தில் கட்டுங்கள். ஓலை காய்ந்து உதிரத் தொடங்கினால் மாற்றிவிடுங்கள்.

முப்பத்தொன்றாம் நாள் துடக்குக் கழிவுக்கு வரும் உறவினர்கள் பெரிய பஞ்சுப் பொம்மைகளைக் கொண்டுவருவார்கள். விறாந்தையில் ஒரு கடகத்தை வைத்து அவற்றை அங்கேயே பெற்றுக்கொண்டால் கட்டில் வெறுமையாகவே இருக்கும். பிள்ளை கைகளை ஊன்றி எழும்ப முயலும் நாளில், ஏறத்தாழ ஐந்தாம் மாதத்தில், ஓலைக்கிளிகளைக் கழற்றிவிட்டு மெத்தைத் தட்டைக் கீழ்த் துளைக்கு இறக்குங்கள்.