அதிவேக நிகழ்வை இரு கேமராக்களால் முப்பரிமாணத்தில் அளப்பது எப்படி

மோதலில் உலோகத் தகடு வளையும் விதத்தை அளக்க விரும்பும் டர்பன், கேப் டவுன் தமிழ் மாணவர்கள் பலரும் முதலில் விசாரிப்பது கேமராவின் வேகத்தைத்தான். ஆனால் சோதனையின் தரத்தைத் தீர்மானிப்பவை, நிகழ்வுக்கு முன்பே அமைக்கப்படும் வெளிச்சமும், இரு கேமராக்களின் நேர ஒத்திசைவும், படத்தின் பிக்சலை உண்மை நீளத்தோடு பொருத்தும் அளவுத்திருத்தமுமே என்பது என் உறுதியான கருத்து.

மோதலால் எஃகில் எழும் அழுத்த அலை ஒரு மைக்ரோ விநாடியில் ஏறத்தாழ 5 மி.மீ. நகர்வதால், அதைப் பின்தொடர விநாடிக்கு 10 லட்சம் படங்களாவது தேவைப்படும். சிமாட்சு ஹெச்பிவி-எக்ஸ்2 போன்ற கேமரா 400×250 பிக்சலில் 128 படங்களை மட்டுமே பதிவதால், இந்த வேகத்தில் நமக்குக் கிடைப்பது மொத்தம் 128 மைக்ரோ விநாடிதான். ஆகவே கேமராவைப் பதியத் தொடங்க வைக்கும் மின் சமிக்ஞையான தூண்டுதலைக் கணக்கிட்டே அமைக்க வேண்டும். நீண்ட உலோகத் தண்டின் வழியே மோதல் அலையை மாதிரிக்குச் செலுத்தும் ஹாப்கின்சன் தண்டுச் சோதனையில், மாதிரியிலிருந்து 1 மீட்டர் தள்ளித் தண்டில் ஒட்டிய திரிபுமானியை (நீட்சி, சுருக்கத்தை அளக்கும் உணரியை) அலை கடந்த பின் அது மாதிரியை அடைய சுமார் 200 மைக்ரோ விநாடி ஆகும். ஃபிளாஷ் முழு ஒளியை எட்ட அந்த இடைவெளியைப் பயன்படுத்தி, உரிய தாமதத்துடன் இரு கேமராக்களுக்கும் ஒரே தூண்டுதலை அனுப்ப வேண்டும்.

புள்ளிகளின் நகர்வை இரு கேமராக்களின் படங்களிலும் ஒப்பிட்டே வளைவு கணக்கிடப்படுவதால், மாதிரியின் மீது பளபளப்பற்ற வெள்ளை வண்ணம் பூசி, அதன் மேல் ஒவ்வொன்றும் 3 முதல் 5 பிக்சல் அளவுள்ள கரும்புள்ளிகளை ஒழுங்கின்றித் தெளிக்க வேண்டும். 100 மி.மீ. அகலத்தை 400 பிக்சலில் படம்பிடித்தால், புள்ளி ஏறக்குறைய 1 மி.மீ. இருக்க வேண்டும். நாட்பட்டுக் காய்ந்த வண்ணம் மோதலில் உதிர்ந்துவிடும் என்பதால், பூசிய மறுநாளைத் தாண்டாமல் சோதனையை முடிப்பது நல்லது.

கேமராக்களை 15 முதல் 30 பாகைக் கோணத்தில் அசையாமல் பொருத்தி, இடைவெளி துல்லியமாகத் தெரிந்த புள்ளிகள் கொண்ட புள்ளித்தகட்டைப் பல சாய்வுகளில் காட்டி அளவுத்திருத்தம் செய்தபின் லென்ஸைத் தொடவே கூடாது. அசைவற்ற மாதிரியை இருமுறை படமெடுத்து இடப்பெயர்ச்சியைக் கணக்கிட்டால் விடை பூச்சியமாக வர வேண்டும். அதில் தெரியும் சிதறலே உங்கள் அளவீட்டின் பிழை வரம்பு.

இத்தகைய கேமராக்கள் பலவற்றின் நினைவகம் மின்சாரம் போனால் அழிந்துவிடும். மின்வெட்டுக்குப் பழகிய நம் நாட்டில் யூ.பி.எஸ். இன்றி இச்சோதனையைத் தொடங்க வேண்டாம். படங்களைச் சேமித்ததும் புள்ளித்தகட்டை மீண்டும் படமெடுத்துப் பார்க்க வேண்டும். பழைய அளவுத்திருத்தத்தோடு அது பொருந்தாவிட்டால், அதிர்வில் கேமரா நகர்ந்திருக்கிறது என்று கொண்டு, அந்த அளவீடுகளை அப்படியே ஏற்காமல் முழுவதுமாகச் சரிபார்க்க வேண்டும்.